பிரதானி வயிற்றில் பதநீர்

முன்னொரு காலத்தில் அலையடக்கி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். பேர்தான் அலையடக்கி, தோணியில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவருக்கு அடங்கிய நண்டுத்திட்டு என்னும் சின்னத் தீவிலே, உமையாள் தேங்காய்த் தும்பை உள்ளங்கையில் உருட்டிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். அரண்மனை கேட்ட கயிறு. எதற்கென்று தெரியாது. கூச்சக்காரி, கேட்கவுமில்லை.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. பிரதானி சடையப்பர் அந்தக் கயிற்றைத் தீவின் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டார். மேற்கே மீன்காரரும் கயிறு திரிப்பவரும். கிழக்கே மரைக்காயரும் பனையேறிகளும்.

தீவுச் சனம் தங்கள் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்கிறது, ஒருத்தனும் தன் வாசலுக்கு வந்து கைகட்டி நிற்பதில்லை என்று பிரதானிக்கு வெகுநாள் எரிச்சல். ராஜாவிடம் ஓதியதோ வேறு: "மகாராஜா, அங்கே எது யாருடையது என்றே விளங்கவில்லை. பிரித்து வைத்தால்தான் ஒழுங்கு."

ராஜாவுக்கு அன்றைக்கு ஒழுங்கின்மேல் ஆசை வந்திருந்தது. "கட்டும் கயிற்றை! இந்தப் பக்கத்துப் பொருளை அந்தப் பக்கம் கொண்டுபோகிறவர் தீவை விட்டே போகட்டும்!"

உமையாளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. அவள் மகன் கிழக்குத் தெரு மைமூனிடம்தான் பால் குடித்து வளர்ந்தான். இப்போது அந்தப் பாலும் கிழக்குப் பொருளாகிவிட்டது. அங்கே மைமூன் பால் கட்டித் தவிக்கிறாள். இங்கே பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கம்மிவிட்டது. 'படுபாவி, என் கையாலயே திரிச்சேனே' என்று உமையாள் பிள்ளையோடு கயிற்றோரமே நின்றாள்.

உச்சிவேளையில் ராஜா பிரதானியோடு கயிற்றைப் பார்க்க வந்தார். மேற்கே நண்டுக்குழம்புச் சோறு. பிறகு கிழக்கே போய் ஆளுக்கு இரண்டு பனையோலைப் பட்டை பதநீர். மீசையைத் துடைத்துக்கொண்டே பிரதானி திரும்பக் கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"நில்லுங்கய்யா." தன் கால்விரலைப் பார்த்தபடியே சொன்னாள் உமையாள். "கிழக்குப் பதநீரை மேற்கே கொண்டு வர்றீங்களே?"

"கையில் என்னடி இருக்கிறது?"

"கையில இல்ல. வயித்துல."

"பைத்தியக்காரி! வயிற்றுக்குள் போனது குடித்தவனுக்குச் சொந்தம்!"

"மகாராசா, பிரதானி தீர்ப்பு கேட்டீங்கல்ல? அப்ப எம்மவன் அந்தப் பக்கம் போய்க் குடிச்சிட்டு வந்தா, அந்தப் பாலும் அவனுக்குச் சொந்தந்தானே?"

"அது வேறு..." என்று இழுத்தார் பிரதானி.

"வேறு என்றால் வயிறு காலியாகும்வரை கிழக்கேயே இரும், ஓய்!" என்ற ராஜாவுக்குச் சட்டென்று தன் வயிற்று ஞாபகம் வந்தது. தடவிப் பார்த்தார். "நானும் நண்டைச் சுமந்துகொண்டல்லவா கிழக்கே போனேன்? என் ஆணைப்படி நானே வெளியேற வேண்டுமா? அவிழும் கயிற்றை! நீரே உம் கையால் அவிழ்த்துச் சுருட்டும்!"

பிரதானி தலைப்பாகை நழுவ நழுவக் குனிந்து சுருட்டினார். இரண்டு தெருவும் வேடிக்கை பார்த்தது. மைமூன் அதற்குள் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"உனக்கு என்ன வேணும் தாயே? ஊரா, பொன்னா?" என்றார் ராஜா.

"அதெல்லாம் வேணாம் மகாராசா. இந்தக் கயித்துல ரெண்டு பாக நீளம் வெட்டிக் குடுத்தா, மைமூனக்கா புள்ளைக்கும் எம்புள்ளைக்கும் சேர்த்து ஒரே தூளியாக்..."

"ஏ உமையா! பசியாறிட்டான்டி, இப்ப உன்னைத் தேடுறான். ஓடியா!" என்று கிழக்கேயிருந்து மைமூன் கூப்பிட்டாள்.

கயிறு கிடந்த தடத்தை மிதித்துக்கொண்டு அவள் ஓடினாள்.

"கேட்டீரல்லவா?" என்று ராஜா பிரதானியைப் பார்த்தார். "தூளியையும் நீரே கட்டிவிட்டு வாரும்."