ஏணிக்கு முழங்கால் வைத்தவள்

முன்னொரு காலத்தில் மேட்டுநாடு என்று ஒரு நாடு இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைச் சிந்தாமல் வைக்க அங்கே சமதரை கிடையாது, அவ்வளவு சரிவு. அதை ஆண்டவர் குன்றமாறன். நல்ல மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு பொங்கலுக்கு அரண்மனைச் சுவருக்கு வெள்ளையடித்தபோது, ஏணிக்காலுக்கு அண்டை கொடுத்திருந்த கல் நழுவிவிட்டது. ஏறியிருந்தவனுக்குக் கை ஒடிந்தது. அவன் வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டி ராஜா தலையில் கவிழ்ந்து மீசை வெளுத்தது. ஒடிந்த கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மீசைக்காகச் சபை கூடியது.

"இனி ஏணிக்குக் கீழே கல்லோ கட்டையோ வைப்பவனை நாடு கடத்துங்கள்!" என்றார் ராஜா.

"ஆகா, என்ன தீர்ப்பு!" என்று முதலில் கைதட்டியவர் வித்தகராயர். அவையில் தன்னைத் தவிர வேறு யாருக்காவது மூளை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

மறு வருஷம் வெள்ளையடிக்கும் முறை சடையாண்டிக்கு வந்தது. அவன் மனைவி வேம்பாயிதான் சுண்ணாம்பு குழைத்துக் கொடுப்பவள். சரிவில் ஏணி சாய்ந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் குழைத்த சுண்ணாம்பை அப்படியே விட்டுவிட்டாள். நேரே அவைக்குப் போனாள்.

"மகாராசா, ஏணி ஒரு பக்கமா சாயுது. என் புருஷன் விழுந்தா எனக்கு வேற நாதி இல்லீங்க."

"பயந்தவனுக்கு எல்லா ஏணியும் சாய்ந்துதான் தெரியும், அரசே" என்றார் ராயர்.

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "கல், கட்டை கூடாது. ஆள் பிடிக்கக் கூடாது. தரையைத் தோண்டவும் கூடாது. மூன்று நாளில் ஏணியை நேராக நிறுத்து, கேட்டதைத் தருகிறேன். இல்லாவிட்டால் உன் புருஷன் சாய்ந்த ஏணியிலேயே ஏறட்டும்."

இரண்டு நாள் வேம்பாயிக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் இடுப்பில் சுண்ணாம்புச் சட்டியோடு மேடேறியவள், மூச்சு வாங்க நடுவழியில் நின்றாள். குனிந்து தன் காலையே பார்த்தாள். அப்படியே தச்சன் வீட்டுக்கு ஓடினாள்.

மூன்றாம் நாள் அரண்மனைச் சுவரடியில் எல்லோரும் கூடினார்கள். ஏணியின் ஒரு காலோடு சேர்த்து, வளையத்துக்குள் ஏறி இறங்கும்படி இன்னொரு கால் இருந்தது. அதில் வரிசையாகத் துளைகள், ஒரு துளையில் மரமுளை செருகியிருந்தது. வேம்பாயி முளையை உருவினாள். அந்தக் கால் சரசரவென்று இறங்கிப் பள்ளத்தைத் தொட்டது. முளையைத் துளையில் அறைந்தாள். படிகள் எல்லாம் மட்டமாக நின்றன.

ராயர் குதித்தார். "இது கட்டைதான்! கீழே கட்டை வைத்துவிட்டாள்! நாடு கடத்துங்கள்!"

சடையாண்டிக்கு முகம் செத்துப்போனது. வேம்பாயி அசையவில்லை.

"ராயரய்யா, நீங்க நிக்கிறதும் சரிவுதானே? காலுக்கு அண்டை ஏதும் கொடுத்திருக்கீங்களா?"

"எனக்கு எதற்கு? என் காலே போதும்."

"பாருங்க மகாராசா. அய்யாவோட மேட்டுக்கால் மடங்கியிருக்கு, பள்ளத்துக்கால் நீண்டிருக்கு. இந்த நாட்டுல பொறந்தவங்க எல்லாரும் இப்படித்தான் நிக்கிறோம். ஏணிக்கு மட்டும் முழங்கால் இல்ல. நான் ஒண்ணு வச்சேன். இது அடியில வச்ச கட்டை இல்லீங்க, அதோட சொந்தக் கால்."

ராஜா குனிந்து பார்த்தார். அவருடைய முழங்காலும் மடங்கித்தான் இருந்தது. கிரீடம் சரியும்வரை சிரித்தார்.

"என் சட்டத்துக்குத்தான் கால் சரியில்லை. அதை இன்றே தள்ளிவிட்டேன். என்ன வேண்டும், கேள் அம்மா!"

"இனிமே அடுத்தவனை 'ஏறு'ன்னு சொல்றவங்க, முதல்ல தாங்களே ஒரு தடவை ஏறிப் பார்க்கணும். அது போதுங்க."

ராஜா வேட்டியை மடித்துக் கட்டினார். "சொன்னவன் நானும்தான். ஆனால் முதலில் கைதட்டியவர் ராயர். ஏறும், ஓய்!"

ராயர் ஏறினார். ஏணியின் முழங்கால் துளியும் அசையவில்லை. ராயருடைய இரண்டு முழங்கால்களும் வெடவெடவென்று ஆடின. அடுத்து ராஜா ஏறி இறங்கினார். அதற்குப் பிறகுதான் சடையாண்டி சட்டியை எடுத்தான்.

அந்தப் பொங்கலுக்கு மேட்டுநாட்டில் ஒருவர் கையும் ஒடியவில்லை. ராஜாவின் மீசையும் கறுப்பாகவே இருந்தது.