கறுத்துப்போன வெண்ணெய்ப்பழம்

முன்னொரு காலத்தில், கண்ணுகளா, பசித்தால் உடனே சாப்பிட முடியாத ஓர் அரசன் இருந்தான். சோற்றுக்குப் பஞ்சம் இல்லை. விதிதான் தடுத்தது. அவனுடைய பாட்டனுக்கு யாரோ பாலில் விஷம் வைத்துவிட்டார்களாம். அன்று முதல், அரசனுக்கென்று சமைத்த எதையும் திண்ணப்பன் என்பவன் முதலில் ருசி பார்க்க வேண்டும். பார்த்தபின் ஒரு சாமம், அதாவது நம் கணக்கில் மூன்று மணி நேரம், அவனுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அரசனின் இலையில் பரிமாறலாம். மகிழவர்மன் என்ற அந்த அரசனுக்குச் சூடான சோறு எப்படி இருக்கும் என்றே தெரியாது. என்ன செய்வது, ராஜாவாகப் பிறந்துவிட்டான்.

ஒரு நாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் கூடை நிறைய வெண்ணெய்ப்பழம் கொண்டுவந்து வைத்தான். "எங்கள் ஊரில் இதை மசித்து, கிளிப்பச்சை நிறத்தில், சுட்ட அப்பளத்தால் தொட்டுத் தின்போம். நாக்கில் வைத்தால் வெண்ணெயாகக் கரையும்" என்றான். அரசனுக்கு ஆசை வந்துவிட்டது. "இன்றே வேண்டும்!" என்றான்.

அரண்மனையில் சமைப்பவள் செங்கமலம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த அடுக்களைதான் அவளுக்கு வீடு. பழத்தை வழித்தெடுத்தாள். கெட்டித் தயிர், உப்பு, கிள்ளிய பச்சைமிளகாய், கொத்துமல்லி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து, மத்தால் நாலு கடை கடைந்தாள். பட்டுப்போல வந்தது. திண்ணப்பன் ஒரு கிண்ணம் தின்றுவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான். பிறகு ஒரு சாமம் காத்திருந்தார்கள். அரசன் முன்னால் மூடியைத் திறந்தால், உள்ளே சேற்று நிறம்!

மடப்பள்ளி அதிகாரி வச்சிரநாதர் இதற்காகவே காத்திருந்தவர். செங்கமலத்தின் இடத்தில் தம் மைத்துனனை உட்கார வைக்க அவருக்கு நெடுநாள் ஆசை.

"மன்னா, விஷம்! நிறமே சொல்கிறதே!" என்றார்.

"நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?" என்றான் திண்ணப்பன்.

"இது மெதுவாகக் கொல்லும் விஷம். நீ அடுத்த மாதம் சாவாய்" என்றார் அதிகாரி. திண்ணப்பனுக்கு அப்போதே வயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அரசன் குழம்பினான். பத்து வருஷம் சோறு போட்ட கை. ஆனாலும் பாட்டன் நினைவு வந்து பயமுறுத்தியது. "நாளை இதே பண்டம், விதி பிசகாமல், பச்சை நிறத்திலேயே என் இலைக்கு வர வேண்டும். வராவிட்டால் நீ இந்த நாட்டை விட்டுப் போய்விடு" என்று சொல்லிவிட்டான்.

சபையின் விகடகவி பூவலிங்கம் அடுக்களைக்குப் போனான். செங்கமலம் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அக்கா கறுத்தது?"

"நறுக்கின வாழைக்காய் கறுக்கிறதில்லையா தம்பி? அந்த மாதிரிதான் இதுவும். காத்து பட்டா கறுத்திடும். எலுமிச்சை கொஞ்ச நேரம் தாங்கும். ஒரு சாமம் தாங்குமா? கேட்க ஆள் இருந்தா சொல்லியிருப்பேனே."

"மசிக்காமல் இருந்தால்?"

"ரெண்டா வகுந்து, கொட்டை இருக்கிற பாதியில எலுமிச்சை தடவி, இலையில இறுக்கிச் சுத்தி வச்சா, மேல்தோல் மாதிரி லேசாத்தான் கறுக்கும். சுரண்டிட்டா உள்ளே பச்சை. ஆனா அவரு கேட்டது மசிச்சதை இல்ல?"

பூவலிங்கம் சிரித்தான். "அக்கா, மத்தை எங்கேயாவது ஒளித்து வை. நாளைக்கு அது வேண்டாம்."

மறுநாள் சபை கூடியது. திண்ணப்பன் பழத்தில் ஒரு பாதியைத் தின்றான். அரசனுக்கென்று வைத்த கிண்ணத்திலிருந்து தயிரைக் குடித்தான், உப்பை நக்கினான், மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டான், கொத்துமல்லியை மென்றான், சுட்ட அப்பளத்தை நொறுக்கினான், எலுமிச்சையைச் சப்பி முகத்தைச் சுளித்தான். எல்லாரும் ஒரு சாமம் காத்திருந்தார்கள். திண்ணப்பன் செத்துப்போகாமல் குறட்டை விட்டுத் தூங்கினான்.

அரசன் முன்னால் வாழை இலை விரித்தார்கள். செங்கமலம் பொத்திவைத்த பாதியின் மேல்பகுதியைச் சுரண்டிவிட்டு, பச்சைச் சதையை இலையில் வைத்தாள். பக்கத்திலேயே தயிர், உப்பு, மிளகாய், மல்லி, எலுமிச்சை, அப்பளம் எல்லாம் வைத்தாள்.

"பிசையுங்கள், மன்னா" என்றான் பூவலிங்கம்.

"என்ன அக்கிரமம்!" என்று துள்ளினார் வச்சிரநாதர். "சேர்த்துப் பிசைந்ததைத் திண்ணப்பன் ருசி பார்க்கவே இல்லையே!"

"மன்னா, தாங்கள் தினமும் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைகிறீர்கள். பிசைந்த கவளத்தைத் திண்ணப்பன் வாங்கித் தின்று, ஒரு சாமம் உயிரோடு இருந்து காட்டுகிறானா?"

"இல்லை" என்றான் அரசன்.

"இலையில் விழும்வரைதான் விதி. அதற்கப்புறம் சாப்பிடுகிறவர் கை. அதிகாரி ஐயா சந்தேகப்படுவது தங்கள் கையையா?"

வச்சிரநாதர் அவசரமாகக் கும்பிட்டார். "அப்படியில்லை... தனித்தனியே நல்லதாக இருந்து, சேர்ந்தால் விஷமாகும் பொருள்களும் உண்டே!"

"இருக்கட்டும். திண்ணப்பன் எல்லாவற்றையும் தின்றானே, அவை வயிற்றுக்குள் தனித்தனி அறையிலா படுத்திருக்கின்றன? உள்ளே பிசைந்து ஒரு சாமம் ஆகிவிட்டது. எழுப்பிக் கேளுங்கள்."

திண்ணப்பன் கண் விழித்து, "முடிந்ததா? மிச்சம் ஏதாவது இருக்கிறதா?" என்றான்.

சபை கொல்லென்று சிரித்தது. அரசன் கையை இலையில் வைத்தான். பழம் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஓடியது. தயிரைச் சேர்த்தான், உப்பை அள்ளிப் போட்டான், எலுமிச்சையைப் பிழிந்தான். பிசையப் பிசையக் கிளிப்பச்சையில் குழைந்து வந்தது. அப்பளத்தை ஒடித்துத் தொட்டு வாயில் போட்டான். உடனே இன்னொன்றை ஒடித்துத் தொட்டான்.

பிறகு ஒரு துண்டு அப்பளத்தில் நிறைய வழித்து எடுத்தான். "செங்கமலம், இங்கே வா. உன் கையை நான் நம்பாமல் போனேன். என் கையை நீ நம்புவாயா?" என்று நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் வாங்கித் தின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து வருஷப் பழக்கம் விடுமா?

"உப்பு கூடிப்போச்சுங்க, மகாராஜா."

மகிழவர்மன் சிரித்தான் பாருங்கள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். மடப்பள்ளி அதிகாரத்தை அன்றே அவளுக்குக் கொடுத்தான். இனி அவள் சமையலுக்குக் காத்திருப்பு இல்லை என்றும் சொன்னான். வச்சிரநாதரைக் குதிரை லாயத்துக்கு அனுப்பினான். பூவலிங்கத்தை அழைத்து, பச்சை ஒட்டிய அந்தக் கையாலேயே தன் முத்தாரத்தைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். முத்தெல்லாம் வெண்ணெய்ப்பழம். பூவலிங்கம் துடைக்காமலே வீட்டுக்குப் போனான்.