காலண்டர் தாளில் கட்டிய சீர்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் சிவனணைந்தபெருமாள் அண்ணன். என் மூத்தவள் வளைகாப்புக்கு முந்தின வாரம், ஐப்பசி மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கி நின்றபோது சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன். பிசகினால் சாமி பொறுத்துக்கொள்ளட்டும்.

“அம்மா, நான் காதுகுத்துக்குப் போகப் போறதில்ல.”

சொன்னவர் மாசிலாமணி. முன்னால் பஸ் கண்டக்டர். மனைவி இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்தவர். வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் பிரமு அம்மா. அந்த மடத்துக்குக் குரு. மாசிலாமணியைவிட ஏழு வயது சின்னவர். முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“யாருக்குக் காதுகுத்து, கண்டக்டரே?”

“என் தங்கச்சி செண்பகத்தோட பிள்ளைக்கு. கல்யாணமாகி ஒன்பது வருசம் கழிச்சுப் பொறந்த பிள்ளை.”

“அப்போ நீங்க தாய்மாமன். உங்க மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்?”

“அதான் அம்மா சங்கடம்.”

“மடி வலிக்குதா?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“தாய்மாமன் சீர் வந்தா அந்த ஊர்ல கோயில் வாசல்ல நின்னு தட்டை எண்ணுவாங்கம்மா. இருபத்தொண்ணா, முப்பத்தொண்ணான்னு. பிள்ளை பொறந்தது தை மூணு. கரிநாள். ‘கரிநாள்ல பொறந்ததுக்கு ஊரைக் கூட்டிக் காதுகுத்து ஒரு கேடா’ன்னு செண்பகத்தோட நாத்தனார் கேட்டிருக்கா. ‘எங்க அண்ணன் சீரோட வரட்டும், அப்புறம் பேசுங்க’ன்னு இவ சொல்லி வச்சிருக்கா.”

“சரியாத்தான் சொல்லியிருக்கா.”

“ஒரு தட்டும் இல்லாம நான் போய் நின்னா, அந்த வீட்டுல அவ எப்படிம்மா தலை நிமிர்வா? பிள்ளைக்கும் அந்தப் பேரு நிலைச்சுப் போயிரும்.”

“தோடு?”

“எங்க அம்மாவோட தோடு செண்பகத்துகிட்ட இருக்கு. சீருக்குத்தான் வழியில்ல. கீழ ஊர்ல ரெண்டு பேரைக் கேட்டா பழமும் துணியும் கிடைக்கும். கேக்கவா?”

யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்பதுதான் அந்த மடத்தின் ஒரே சட்டம்.

பிரமு அம்மா ஒரு கல்லைக் கண்டுபிடித்து எடுத்து ஓரமாக வைத்தார்.

“மடத்துல என்ன இருக்கு, கண்டக்டரே?”

“அரிசி, பருப்பு, திருநீறு.”

“வேற?”

“ஊசி, நூல். திரி வெட்டுற கத்தரி.”

“வேற?”

“காலண்டர் தாளுதான் இருக்கு.”

“செய்யுங்க.”

“எதைம்மா?”

அம்மா முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த மடத்தில் தினசரிக் காலண்டரின் தாளைத் தூக்கி எறிவதில்லை. விடிந்ததும் மாசிலாமணிதான் கிழிப்பார். கிழித்த தாள் ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். பங்குனி உத்திரத்துக்கு வருகிற கூட்டத்துக்கு முந்தின வருடத்துத் தாளில்தான் திருநீறு மடித்துக் கொடுப்பார்கள். பசை இல்லாமல், பிரியாமல், பொட்டலம் மடிப்பதில் மாசிலாமணியை மிஞ்ச ஆளில்லை. பதினெட்டு வருடம் டிக்கெட் கிழித்த விரல்.

அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் எழுந்து ஓடிவந்தார்.

“அம்மா! பிள்ளையோட வருசம் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு! போன தை மூணுல இருந்து இந்தத் தை ரெண்டு வரைக்கும். நாளுக்கு ஒரு பூவாப் பண்ணி மாலை கட்டிரட்டுமா?”

“கேள்வி எதுக்கு?”

“பங்குனிக்குத் தாள் இருக்காதே.”

“வாழைச்சருகு இருக்கே.”

வேலை தொடங்கியது. தாளை விசிறி மாதிரி மடிக்க வேண்டும். நடுவில் நூலால் இறுக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் விரித்துவிட்டால் பூ. தேதி மட்டும் ஓர் இதழில் நன்றாகத் தெரிய வேண்டும். முதல் நாற்பது பூ பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. அத்தனையையும் பிரித்து மறுபடி மடித்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பூதான்.

ஐந்தாம் நாள் மாலையைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் விரித்தார்.

அம்மா முழம் போட்டுப் பார்த்தார். ஐந்து முழம் இருந்தது.

“அழகா இருக்கு. ஆனா ஒரு வருசம் இவ்வளவுதானா? பூக்காரி கொசுறே இதைவிடக் கூட வைப்பாளே.”

“சில நாளை எடுத்துட்டேன்மா.”

“எதை?”

“கரிநாளை. அப்புறம் அஷ்டமி, நவமி.”

“சரி.”

“செவ்வாய், சனி.”

“ம்.”

“தேய்பிறை பூரா. அப்புறம் ஆடி, மார்கழி ரெண்டு மாசமும். விசேஷ வீட்டுக்கு அதெல்லாம் ஆகாதுல்லம்மா?”

“அந்த ரெண்டு மாசமும் பிள்ளை எங்க போயிருந்தா?”

மாசிலாமணி மாலையின் நுனி நூலைத் திருகினார்.

“சரி போகட்டும். பொறந்த நாள் எங்க இருக்கு? காட்டுங்க.”

“அதுதான் கரிநாளாச்சே. அதைத்தான் முதல்ல எடுத்தேன்.”

அம்மா மாலையைப் பதமாகச் சுருட்டினார். மாசிலாமணி கையில் வைத்தார்.

“அப்போ இது யாருக்கு?”

மாசிலாமணி நின்ற இடத்தில் அப்படியே நின்றார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அங்கேயேதான் நின்றார்.

பிறகு போய் நூலை அறுத்தார்.

ஒதுக்கிய தாளையெல்லாம் கொண்டுவந்து வரிசைப்படுத்தினார். தை மூன்றைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தார். அது சிவப்புத் தாள். அன்றைக்குக் காணும் பொங்கல், விடுமுறை நாள். முதலில் ஒதுக்கியபோது அது அவர் கண்ணில் படவில்லை. கரிநாள் என்ற ஒரு சொல்தான் பட்டிருந்தது.

அதை முதல் பூவாக வைத்துக் கோத்தார்.

காதுகுத்து அன்றைக்குக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் ஒரே ஒரு துணிப்பை.

கோயில் வாசலில் நாத்தனார் ஆவுடையம்மாள் நின்றிருந்தாள். பிள்ளைக்கு அவள் அத்தை. தட்டு எண்ணுவதற்கென்றே நாலு பெண்களைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள்.

“வாங்க கண்டக்டர் அத்தான். பின்னால வண்டி வருதா?”

“இல்ல மைனி.”

“தட்டெல்லாம்?”

“தட்டு இல்ல மைனி.”

“ஏ செண்பகம்! உங்க அண்ணன் சீருக்கு டிக்கெட் போட மறந்துட்டாரு போல. அது பஸ் ஸ்டாண்டுலயே நிக்குதாம்!”

நாலு பெண்களும் சிரித்தார்கள். நாதஸ்வரக்காரர்கூடச் சிரித்தார்.

செண்பகம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “அண்ணே” என்றாள்.

மாசிலாமணி பைக்குள் கைவிட்டு முதல் பூவை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார்.

“பிடிம்மா.”

இழுத்தார். வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். “நீங்க பிடிங்க.” மறுபடி இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. “நீங்க. நீங்க. ஐயா, நீங்களும் பிடிங்க.” சிரித்த நாலு பேர் கையிலும் மாலை இருந்தது. வெள்ளைப் பூ ஆறு, சிவப்புப் பூ ஒன்று, மறுபடி வெள்ளை ஆறு என்று வாசலிலிருந்து கொடிமரம் வரைக்கும் போய்விட்டது. பன்னிரண்டு பேர் பிடித்தும் நடுவில் தொய்ந்தது.

ஆவுடையம்மாள் முதல் பூவைத் திருப்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

“தை மூணு. கரிநாள்.”

மேளம் நின்றது.

“நாங்க வாயால சொன்னதை நீங்க மாலையாவே கட்டிக் கொண்டாந்துட்டீங்களே அத்தான்!”

செண்பகம் பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மாசிலாமணி குரலை உயர்த்தவில்லை.

“அன்னைக்குத்தான் மைனி இவ பொறந்தா. அடுத்த பூ தை நாலு. அது அவளுக்கு ரெண்டாவது நாள். அப்படியே பார்த்துக்கிட்டே போங்க. ஒரு நாள்கூட விட்டுப் போகல. எல்லாம் இவ இருந்த நாளு.”

ஆளுக்கு ஆள் தங்கள் கையிலிருந்த பூவைத் திருப்பித் தேதி பார்த்தார்கள்.

பிள்ளையின் அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

“மச்சான், சித்திரை இருபத்திரண்டு இதுல இருக்கா? அன்னைக்குத்தான் குப்புற விழுந்தா.”

“இருக்கு மாப்பிள்ளை. அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா கையில பாருங்க.”

“ஏ, ஆவணி எங்கப்பா? பல்லு முளைச்சது ஆவணியிலல்ல?”

“ஆவணி இங்க இருக்கு! தள்ளுங்க!”

“ஆடிப்பெருக்கு அன்னைக்கு என் சேலையை நனைச்சாளே, அது?”

வரிசை கலைந்தது. மாலையை விடாமலே ஆளுக்கு ஒரு பக்கம் தேடினார்கள். ஆவுடையம்மாளை யாரும் கவனிக்கவில்லை.

அவள் முதல் பூவிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மாசி, பங்குனி, சித்திரை என்று தாண்டிப் போனாள். கிட்டத்தட்டக் கடைசிக்கு வந்து நின்றாள்.

“மார்கழி ஒம்பது” என்றாள். இந்தத் தடவை மெதுவாக.

அதிலும் ஓரத்தில் கரிநாள் என்று போட்டிருந்தது.

“அன்னைக்குத்தான் என்னைப் பார்த்து ‘அத்த’ன்னு கூப்பிட்டா.”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

“அதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டதில்ல. அம்மாவையும் கூப்பிடல, அப்பாவையும் கூப்பிடல. முதல்ல என்னைத்தான் கூப்பிட்டா. கேட்டுப் பாருங்க.”

“ஆமா மைனி” என்றாள் செண்பகம். “முதல்ல உங்களைத்தான்.”

ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். தொய்ந்து கிடந்த இடத்துக்குப் போய் மாலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். பிறகு போட்ட சத்தத்தில் கோயில் புறாவெல்லாம் பறந்தது.

“ஏ, பார்த்துப் பிடிங்க எல்லாரும்! ஒரு நாள்கூட மண்ணுல படக் கூடாது! மேளக்காரரே, என்ன வேடிக்கை? அடிங்க!”

தாய்மாமன் சீர் கோயிலுக்குள் போனது.

ஆசாரி காதைக் குத்தும்போது பிள்ளை மாமன் மடியில் வீறிட்டு அழுதாள். அழுகையோடு முதல் பூவை எட்டிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. செண்பகம் வந்தவர் போனவரிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க அண்ணன் கையால செஞ்சது.”

மாசிலாமணி மடத்துக்குத் திரும்பினார். மூன்றாம் நாள் பிரமு அம்மா முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காம்மா.”

“தங்கச்சி?”

“நிமிர்ந்து நடக்கிறா.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“எனக்குப் பெருமையா இருக்கும்மா.”

“இருக்கட்டுமே.”

“மூணு நாளாச்சு. இறங்க மாட்டேங்குது. சாமி கும்பிட்டாலும் அதுதான் முன்னால வந்து நிக்குது. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவனுக்கு இது ஆகுமா? இதை எப்படி விடுறதுன்னு சொல்லுங்கம்மா.”

“எதை நினைச்சுப் பெருமை?”

அவர் தயங்கினார்.

“இந்தக் கையை நினைச்சுத்தான்.”

“காட்டுங்க.”

நீட்டினார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். நகத்து ஓரத்தில் தாளின் சிவப்பு இன்னும் போகவில்லை.

பிரமு அம்மா எழுந்து நின்றார். அந்த இரண்டு கையையும் எடுத்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சிவனணைந்தபெருமாள் அண்ணன் அதோடு நிறுத்திவிட்டுத் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுதல். என் பிள்ளைகள் மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பிறந்த நாள் தாள் தேடிப்பிடித்துவிட்டேன். இளையவனுக்குத்தான் கிடைக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று, ஆவணி ஒன்பது. உங்கள் வீட்டுப் பரணில் அந்த வருடக் காலண்டர் கிடந்தால், அந்த ஒரு தாளை மட்டும் கசக்காமல் எனக்கு எடுத்து வையுங்கள்.