எவரும் வாழாத வருஷம்

ஞானப்பிரகாசம் முப்பது வருஷத்துக்கு மேல் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர். மணிக்கு ஒருமுறை வெளியே போய், வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஓய்வு பெற்ற பிறகு, கட்டடங்களுக்குள் ஏறும் வெக்கையைக் கணக்கிடக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று அதே ஊரில் அந்த வேலையைச் செய்துவரும் செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு அவர் வயதில் பாதி. ஆனாலும் முதல் நாளிலிருந்தே டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

அன்று அவருக்குக் கொடுத்தது புதிதாகக் கட்டப்போகும் ஒரு ஆஸ்பத்திரியின் பச்சைக் குழந்தைகள் வார்டு. கோடையில் கரண்ட் போனால் உள்ளே எவ்வளவு சூடாகும் என்று பார்க்க வேண்டும். மென்பொருள் ஒரு வருஷத்தின் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரத்தையும் வரிசையாக அந்த வார்டின் மேல் ஓட்டியது. வார்டு தாங்கும் என்று வந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

பழைய பழக்கத்தில், மென்பொருள் ஓட்டிய அந்த வருஷத்தின் கோப்பை, தன் நிலையத்து அளவுகளால் ஆன வானிலைக் கோப்பைத் திறந்து மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். மே மாதத்தில் ஒரு நாளைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது.

வரிசையில் வருஷம் போட்டிருக்கவில்லை; ஆனாலும் தேதியையும் காலை அளவுகளையும் பார்த்ததுமே அது எந்த நாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மணி அளவெடுக்கப் போன சக ஊழியர் அருளப்பன் வெயிலில் சுருண்டு விழுந்தார். ஞானப்பிரகாசம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு நோட்டில் யாரும் எதுவும் எழுதவில்லை.

கோப்பில் மூன்றுக்கும் எண் இருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக, மணிக்கு மணி ஒரே அளவு குறைந்துகொண்டே வந்தது.

 அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"டீச்சர், இந்த மூணு மணி நேரத்த யாரும் பாக்கல. யாரு எழுதினது?"

செண்பகவல்லி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த மூன்று எண்களையும் அழித்துவிட்டு ஓட்டினாள். மென்பொருள் தயங்கவே இல்லை. ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே கோடு இழுத்து, அதே மூன்று எண்களைத் திரும்ப நிரப்பிக்கொண்டது. ஒரு மணி நேரம் காலியாக இருந்தாலும் மென்பொருளுக்கு அதைத் தாண்டி நகரத் தெரியாது என்றாள்.

அவர் கோப்பில் இன்னும் கீழே இறங்கினார். ஜூன் வந்தது. பகல் அளவுகளில் பாதிக்கு மேல் முழுசாகவோ அரையாகவோ முடிந்தன. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டரை. முப்பத்தொன்பது. நிலையத்தில் அப்படித் தோராயமாக எழுதிய கை ஒன்றுதான். அதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்த கை.

"இது அருளப்பன் எழுதினது. மே மாசம் செத்தவன் ஜூன் மாசம் எப்படி அளவெடுக்கிறான்?"

செண்பகவல்லி நிதானமாகச் சொன்னாள். கோப்பில் இருப்பது ஒரு வருஷம் இல்லை. பல வருஷங்களைப் பரப்பி வைத்து, வெப்பம் அதிகம் துள்ளாத ஜனவரி, அதிகம் துள்ளாத பிப்ரவரி என்று ஒவ்வொரு மாதமாகப் பொறுக்கித் தைத்தது. கோப்போடு வந்த குறிப்பின்படி இந்த ஜூன், இந்த மே மாதத்துக்கு நாலு வருஷம் முந்தையது. தையல் தெரியாமலிருக்க, மாதம் மாறும் இடத்தில் சில மணி நேரத்தை இழைத்துவிடுவார்கள்.

"அந்த மே அமைதியான மேயா, டீச்சர்?"

அந்த ஒரு மத்தியானத்தை விட்டால் அப்படித்தான் என்றாள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திரைக்குள் அருளப்பன் ஜூன் முழுக்க மணி தவறாமல் வெளியே போய்க்கொண்டிருந்தார். கோப்பை மூட நினைத்தார். கை வரவில்லை.

கட்டடப் பொறியாளர் போனில் அறிக்கை என்னாச்சு என்று கேட்டார். பிறகு பேசுவதாகச் சொல்லி ஞானப்பிரகாசம் வைத்துவிட்டார்.

"மென்பொருள் தாங்கும்னு சொல்லுது. கையெழுத்துப் போடலாமா, டீச்சர்?"

"இந்தத் தைச்ச வருஷத்துல யாரும் சாகல, சார்," என்றாள் செண்பகவல்லி. "நாம கட்டுற வார்டு இந்த வருஷத்துல நிக்கப் போறதில்ல."