கீரைக்காரி துப்பிய தண்ணீர்

ஒரு வாய்த் தண்ணீரை இரண்டு கன்னத்துக்கும் உருட்டி, விழுங்காமல் மண்ணில் துப்பும் ஓசை. நல்லபெருமாள் அதைக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. இப்போது அவனே தலை நரைத்த வைத்தியன். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சில நாள் அந்த ஓசை கேட்கும். ஈரக் கையோடு அப்படியே நின்றுவிடுவான்.

அந்தக் காலத்தில் அவன் உலகம்மை வைத்தியருக்குச் சீடன். அம்மையார் வீடு ஆற்றுக்கு அக்கரையில். அவன் இக்கரையில், சந்தைக்குப் பின்தெருவில், ஓர் அறை எடுத்துத் தனியே தங்கியிருந்தான்.

அவர்களிடம் மருந்துக்கு வருவாள் ஆவுடைத்தாய். சந்தையில் கீரை விற்பவள். ரப்பர் வெட்ட மலையைத் தாண்டிப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். அவளுக்கு நீர்க்கடுப்பு, உடம்பைத் தூக்கிப்போடும் காய்ச்சல். மருந்தில் தணியும், மாதம் திரும்புமுன் மறுபடி வரும்.

"தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னேனே அக்கா, குடிச்சீங்களா?" என்று கேட்பான் நல்லபெருமாள்.

"குடிக்கேன் தம்பி" என்பாள்.

ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உலகம்மை நாடி பார்த்தார். வீங்கிய பாதத்தை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, எழவில்லை. மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, "இன்னொரு காய்ச்சலை அவள் சிறுநீரகம் தாங்காது" என்றார்.

"அவள் பொய் சொல்கிறாள் அம்மா. நேற்று சந்தையில் பார்த்தேன். பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர். கீரைக்கு வாரி வாரித் தெளிக்கிறாள். தானும் ஒரு வாய் எடுக்கிறாள், கொப்பளித்துத் துப்பிவிடுகிறாள். அந்த வெயிலில்! சொன்ன சொல் கேட்காதவளுக்கு என்ன மருந்து கொடுப்பது?"

உலகம்மை உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி."

குடித்தான். மறுபடி நிரப்பிக் கொடுத்தார். அதையும் குடித்தான்.

"நாளைக்கு விடிந்ததும் இப்படிக் குடித்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார். சந்தை கலையும்வரை இரு."

மறுநாள் அவளருகில் சாக்கை விரித்து உட்கார்ந்தான்.

"என்ன தம்பி, வைத்தியம் போணியாகலையோ? கீரை விக்க வந்துட்டீங்க!" என்றாள் ஆவுடைத்தாய். அடுத்திருந்த எலுமிச்சைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெயில் ஏறியது. நல்லபெருமாளுக்கு அடிவயிறு முட்டியது. எழுந்து அரிசிக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் போய்விட்டு வந்தான்.

"ராசா மாதிரி போனாரு, ராசா மாதிரி வந்துட்டாரு" என்றாள் எலுமிச்சைக்காரி.

இந்த முறை ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை. குனிந்து கீரைக்கட்டுகளைத் திருப்பி வைத்தாள்.

மதியத்துக்குமேல் அவன் இன்னொரு தடவை போய்வந்தான். அப்போதுதான் கவனித்தான். காலையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். தொடைகள் இறுகியிருந்தன.

"நீங்க எந்திரிக்கவே இல்லையே அக்கா?"

"எந்திரிச்சி எங்க போக? சந்தைக் கக்கூசுக்குக் கதவு கிடையாது. வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும்."

சொல்லிவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்தாள். கண்ணை மூடி வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு துப்பினாள். அத்தனை இரைச்சலிலும் அந்த ஓசை அவனுக்குத் தனியாகக் கேட்டது.

சந்தை கலைந்ததும் அக்கரைக்குப் போனான்.

"குடித்தாயா?" என்று கேட்டார் உலகம்மை.

"குடித்தேன்."

"கஷ்டமாக இருந்ததா?"

"இல்லை அம்மா. எனக்குச் சுவர் இருந்தது."

"இப்போது அவளுக்கு என்ன மருந்து கொடுப்பாய்?"

"தெரியவில்லை."

"உன் அறை எங்கே இருக்கிறது?"

"சந்தைக்குப் பின்தெருவில்."

"கழிப்பறை உண்டா?"

"உண்டு."

"கதவு?"

"உண்டு. தாழ்ப்பாளும் இருக்கிறது."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நல்லபெருமாளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. முகம் மாறிவிட்டது.

"நான் தனியாள் அம்மா. ஒரு பெண்பிள்ளை என் அறைக்குள் போய்வந்தால் ஊர் என்ன பேசும்?"

"அந்தப் பேச்சுக்குப் பயந்துதானே அவளும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்" என்றார் உலகம்மை.

அவன் எழுந்து கிளம்பினான். பாலத்தின்மேல் திரும்பி நடந்தபோது அறைச் சாவி மடியில் இருந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான்.

ஐப்பசி மழையில் ஆவுடைத்தாய்க்கு மறுபடி காய்ச்சல் கண்டது. எலுமிச்சைக்காரிதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கார்த்திகை பிறக்குமுன் ஆவுடைத்தாய் அங்கேயே இறந்துபோனாள்.