துணியில் தங்கியவர்கள்

பாழிமலையில் ஒரு குரத்தி இருந்தார். பெண் குருவை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருடைய ஒரே சீடன் கொற்றனுக்கு ஐம்பத்தைந்து.

கொற்றன் யானைப்பாகனாக இருந்தவன். உலகத்தை விட்டுவிட்டு மலையேறி வந்தான். யானை அவனை விடவில்லை. பின்னாலேயே வந்து மலையடிக் குளத்தங்கரையில் நின்றுகொண்டது. மூன்று ஆள் உயரம். பெயர் குட்டன்.

"நான் இன்னும் யானையைத் துறக்கவில்லையே, அடிகளே?"

"அது உம்மைத் துறக்கட்டும், பாகரே. அதுவரை இருந்துவிட்டுப் போகட்டும்."

கொற்றனுக்கு ஒரு வேலைதான். விடிந்ததும் குளத்தில் தண்ணீர் மொண்டு மேலே கொண்டுவர வேண்டும். நான்காக மடித்த துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் தங்கும் சிற்றுயிர்கள் சாகக் கூடாது. அதனால் ஈரம் காய்வதற்குள் துணியைக் கீழே கொண்டுபோய், மொண்ட குளத்திலேயே அலச வேண்டும். வேறு குளம் கூடாது. மலைச்சுனை கூடாது; அது மலை விலங்குகளுக்கு உரியது. முந்நூறு படி.

நாற்பதாம் நாள் கொற்றன் ஈரத்துணியை விரித்துக் காட்டினான்.

"இதில் யார் இருக்கிறார்கள்?"

"நிறையப் பேர்."

"என் கண்ணுக்கு ஈரம்தான் தெரிகிறது. குட்டன் நிற்கிறானே, அது உயிர். குளத்தில் முழநீள விரால் துள்ளுகிறதே, அதுவும் உயிர்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்த ஈரத்துக்காகவா என் முழங்கால் தேய வேண்டும்?"

"காதில் வைத்துப் பாரும்."

வைத்தான். "ஒன்றும் கேட்கவில்லை."

"யானையிடம் கேட்கிற மாதிரி கேட்கிறீர். வாரும்."

குரத்தி அவனோடு கீழே இறங்கினார். யானையின் விலாவில் காதை வைத்தார். நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரலில் சொன்னார்.

"புல்………"

குட்டன் திரும்பி அவரைப் பார்த்தது.

"அடுத்த சொல் என்ன?" என்றான் கொற்றன்.

"நாளைக்கு வாரும்."

குளத்தில் குனிந்து காதை நனைத்தார். உதட்டைக் குவித்து, விழி பிதுங்க, "தவளை…… தவளை……" என்றார். கொற்றனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அசல் விராலேதான்.

கடைசியாகத் துணியைக் காதில் வைத்தார். அவர் முகம் அவர் முகமாக இல்லை.

"வெயில் வெயில் தின் தின் தள்ளு பிரி நான் நானும் நான் பச்சை இடம் இடம் எனக்கு இடம் பிரி பிரி தின்…"

வாய் ஒன்றுதான். அதற்குள் ஆயிரம் குரல். கொற்றனின் சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று ஆள் உயர யானை இரண்டடி பின்னால் போனது.

"என்ன அது, அடிகளே?"

"ஒவ்வோர் உடம்புக்குள்ளும் ஒரு சுவடி இருக்கிறது. பெற்றவர் கொடுத்தது. செதில் எப்படி முளைப்பது, ஓடு எப்படிக் கட்டுவது, நஞ்சை எப்படித் துப்புவது, எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் எல்லா ஏட்டையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை. எது வேண்டுமோ அதைப் புரட்டுவார்கள். உடம்பு பெரிதாக ஆகப் புரட்டுகிற கை மெதுவாகிவிடும்."

"அப்போ குட்டன்?"

"ஓர் ஏட்டைப் புரட்டிவிட்டு அதன்மேலேயே தூங்குகிறவர்."

"துணியில் இருப்பவர்கள்?"

"ஒரு பகலுக்குள் பிறந்து, பெற்று, போய்ச்சேர வேண்டும். தூங்க ஏது நேரம்?"

அன்றிலிருந்து கொற்றன் தினமும் துணியைக் காதில் வைத்தான். ஒரு மாதம் ஈரம்தான் கேட்டது. அப்புறம் ஒருநாள், படியில் பாதி இறங்கும்போது கேட்டது.

விழுந்தடித்து மேலே ஓடி வந்தான். "குளத்துக்கு ஏதோ ஆகிவிட்டது! சூடு சூடு என்று கத்துகிறார்கள். இருட்டு என்கிறார்கள்!"

"துணியை எப்படிக் கொண்டுபோனீர்?"

"கைக்குள் பொத்தி."

"அது உம் கையைப் பற்றிய பேச்சு. குளத்தைப் பற்றித் தெரிய வேண்டுமா, குளத்திலேயே கேளும்."

பிறகு கரையிலேயே வடிகட்டக் கற்றுக்கொண்டான். வடித்த தண்ணீரில் தன் பங்கை அங்கேயே குடிப்பான். துணியைக் காதில் வைத்துச் சந்தை இரைச்சலைக் கேட்பான். அலசிவிட்டு, மிச்சத் தண்ணீரோடு படியேறுவான். முழங்கால் வலி ஞாபகம் வருவதில்லை.

ஒரு சதுர்த்தசி. குரத்திக்கு அன்று நீரும் இல்லாத நோன்பு. கொற்றன் வழக்கம்போல் மொண்டான், வடித்தான், குடித்தான், துணியைக் காதில் வைத்தான்.

சந்தை இல்லை.

"மூடு."

அத்தனை பேரும் ஒரே குரலில், ஒரே மூச்சில்.

"மூடு. மூடு. மூடு."

கொற்றன் நிமிர்ந்து பார்த்தான். தண்ணீர் என்றைக்கும் இல்லாத தெளிவாக இருந்தது. விரால் துள்ளியது. முழங்கால்வரை இறங்கிக் காதை நனைத்தான். "தவளை……" என்றது. குட்டன் அப்போதுதான் தோப்பிலிருந்து ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் விலாவில் காதை வைத்தான். காத்திருந்தான். காத்திருந்தான்.

"புல்………"

திரும்பி வந்து இன்னொரு முறை வடித்தான். குரல்கள் குறைந்திருந்தன. மூன்றாம் முறை வடித்தான். சத்தமே இல்லை. சுற்றிலும் ஓடு கட்டி மூடிக்கொண்டுவிட்டார்கள்.

அந்தப் பக்கம் ஊரிலிருந்து வந்த நக்கை குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நக்கை, கொட்டிவிடு அதை!"

"எதுக்காம்? கண்ணாடிபோல் இருக்கிறதே."

"சின்னவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்."

"எந்தச் சின்னவர்கள்?"

கொற்றன் ஈரத்துணியை உயர்த்திக் காட்டினான்.

நக்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யானைக்கு மதம் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பாகனுக்குப் பிடித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!"

சிரித்தபடியே குளத்தைப் பார்த்தாள். அடித்தரைக் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறந்ததிலிருந்து அவள் அவற்றைப் பார்த்ததில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. குடத்தைக் கவிழ்த்தாள்.

"ஊரில் எல்லாரிடமும் சொல்லு, போ."

"என்னைப் பைத்தியம் என்பார்கள்."

"என் பெயரைச் சொல்லு. எனக்கு வைத்தாயிற்று அந்தப் பட்டம்."

அவள் வெறுங்குடத்தோடு ஓடினாள்.

குட்டன் தண்ணீர் ஓரத்துக்கு வந்து துதிக்கையை நீட்டியது. கொற்றன் குறுக்கே பாய்ந்து இரண்டு கையாலும் துதிக்கையைக் கட்டிக்கொண்டான்.

"டேய் தடியா! மலைபோல் வளர்ந்தாயே, ஒரு சேதி உனக்கு எட்டுமா? குடிக்காதேடா. என்னைப் பெற்ற மகனே, குடிக்காதே."

யானை தள்ளியது. அவன் சறுக்கினான், விடவில்லை. இருபது வருஷத்தில் அங்குசத்தால் ஒரு முறைகூடக் குத்தாதவன். இப்போது அங்குசமும் இல்லை. திட்டினான், கெஞ்சினான், பழைய பாகன் சொற்களையெல்லாம் கூவினான். கடைசியில் அழுதான். அழுகை எத்தனை நேரத்தில் யானைக்கு எட்டியதோ, துதிக்கை மெல்லத் தளர்ந்தது.

யானை படியில் ஏறாது. பாறைச் சரிவாகச் சுற்றி நடத்தி மேலே கொண்டுவரும்போது உச்சிப்பொழுது. குட்டன் நேரே மலைச்சுனைக்குப் போய் உறிஞ்சிக் குடித்தது.

கொற்றன் நடந்ததைச் சொன்னான்.

"என்ன வரப்போகிறது, அடிகளே?"

"அவர்கள் வருவதைச் சொல்வதில்லை. செய்வதைச் சொல்கிறார்கள்."

"குட்டன் பிழைப்பானா?"

குரத்தி யானையின் வயிற்றில் காதை வைத்தார்.

"உள்ளே சந்தை நடக்கிறது."

"உள்ளேயா?"

"குட்டன் ஒருவர் என்றா நினைத்தீர்? குடலுக்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது. நல்ல இரைச்சல். தின் தின் என்கிறார்கள். இவருக்கு ஒன்றும் இல்லை."

கொற்றன் யானையின் காலைக் கட்டிக்கொண்டு குதித்தான். கீழே குளம் பளபளத்தது. ஒரு விரால் துள்ளி விழுவது அங்கிருந்தே தெரிந்தது.

"மீனுக்குத் தெரியவில்லை. யானைக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா!"

"முதலில் வடித்த தண்ணீரை என்ன செய்தீர்?"

"குடித்தேன். தினமும் குடிப்பதுதானே?"

குரத்தி, சிற்றுயிர்களை ஒதுக்கக் கையில் வைத்திருந்த மயிற்பீலியைக் கீழே வைத்தார். கிட்டே வந்தார். தொடாமல், அவன் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளிக் காதைச் சாய்த்தார். காற்று நின்றிருந்தது.

"என்ன கேட்கிறது?"

"சோறு…… சோறு……" என்றார் குரத்தி. அச்சு அசல் கொற்றனின் குரல்.

"அவ்வளவுதானா!" கொற்றன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அது நீர் சொல்வது, பாகரே" என்றார் குரத்தி. "உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்தி வெகுநேரம் ஆகிறது."