பிரதானியைப் பிடிக்கச் சொன்ன பெட்டி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் போன மாதம் கட்டிய என் பல்செட் கல்யாணப் பந்தியில் இலையில் விழட்டும்.

மாவலிராயர் என்று ஒரு ராஜா. அவர் அரண்மனையில் அந்தக் காலத்திலேயே கணினி இருந்தது. சிரிக்காதீர்கள். மடைப்பள்ளிக்கு ஒரு பெட்டி, யானைக் கொட்டிலுக்கு ஒரு பெட்டி, சிறைக்கு ஒரு பெட்டி என்று மொத்தம் எழுபத்து மூன்று. அவற்றில் ஓடிய நிரல்களை எல்லாம் ஊர் உலகத்தில் யார் யாரோ நல்லவர்கள் எழுதி, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தார்கள். சும்மா வந்ததால் அரண்மனையில் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டே பயன்படுத்தினார்கள்.

இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் திருமேனி. நடுக்கூடத்தில் ஒரு பொது லைப்ரரி வைத்திருந்தார். அதில் புத்தகம் கிடையாது. அளவு பார்ப்பது, பூட்டுத் திறப்பது, மன்னர் ஆணையைப் படித்துச் சொல்வது என்று எல்லா நிரலுக்கும் வேண்டிய பொதுச் சங்கதிகள் அதில் இருந்தன. எந்த நிரலும் அங்கே வந்து கேட்டுக்கொண்டு போகும்.

ஒருநாள் நெல் கிடங்கில் அளவு உதைக்கிறது என்று திருமேனி லைப்ரரியில் அளவைத் திருத்தினார். ஒரே இடத்தில் திருத்தினார், நாடு முழுக்கத் திருந்தியது. பாயசம் மட்டும் திருந்தவில்லை. மடைப்பள்ளி நிரல் பழசு. ஒரு சிட்டிகை உப்பு கேட்டது, புது அளவு ஒரு படி என்று சொன்னது. அதைக் குடித்தவர் மன்னர்.

பிரதானி அனந்தகோடிக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. அவருக்கு வேலையில்லாத மைத்துனர் ஒருவர் உண்டு.

"மகாராஜா, ஒன்றை ஒன்று நம்பினால் இப்படித்தான். பொது லைப்ரரியே வேண்டாம். ஒவ்வொரு நிரலும், எழுதின அன்று எதோடு ஒழுங்காக ஓடியதோ அதை உள்ளேயே வைத்துக் கட்டிக்கொள்ளட்டும். அப்புறம் எந்த மாற்றமும் அதை அண்டாது."

"பேஷ்," என்றார் மன்னர். வாயில் இன்னும் உப்பு.

"மகாராஜா," என்றார் திருமேனி, "நாளைக்கு ஒன்றில் பிழை வந்தால் எழுபத்து மூன்று இடத்தில் திருத்த வேண்டிவரும்."

"சோம்பேறிக்கு அது கஷ்டம்தான்," என்றார் பிரதானி. "மூன்று நாள் தருகிறோம். முடியவில்லை என்றால் சாவியை என் மைத்துனரிடம் கொடுத்துவிட்டு எல்லையைத் தாண்டும்."

திருமேனி மன்னரைப் பார்த்தார். "எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டவா?"

"எல்லாவற்றையும்."

"வெளியே யாரையும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கூடாது. எத்தனை முறை சொல்வது?"

மூன்றாம் நாள் சபை கூடியது. பெட்டிகள் வரிசையாக நின்றன. முன்பு ஓர் ஆள் தூக்கிய பெட்டிக்கு இப்போது நான்கு ஆள். பிரதானி அதைப் பார்த்து, கனம்தான் தரம் என்றார்.

முதலில் யானைக் கொட்டில் பெட்டியை முடுக்கினார் திருமேனி. உள்ளிருந்து மன்னரின் குரல் வந்தது. இளவயதுக் குரல். "பட்டத்து யானை கண்ணாத்தாளுக்குத் தினம் பத்துக் குடம் இளநீர்."

"கண்ணாத்தாள் செத்து ஒன்பது வருஷம் ஆயிற்றே," என்றார் மன்னர்.

"தங்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பது நிரல் எழுதின பட்டாபிஷேக வருஷத்து ஆணை. அதற்குத் தெரியாது."

அடுத்தது பூந்தோட்டப் பெட்டி. "நடனக்காரி மனோரஞ்சிதத்துக்குத் தினம் இரண்டு கூடை மல்லிகை. ராணிக்குத் தெரிய வேண்டாம்."

ராணி மெதுவாகத் திரும்பினார். மன்னர் கூரையில் உள்ள சித்திரங்களை ரசிக்க ஆரம்பித்தார். "அடுத்தது, அடுத்தது."

அடுத்தது சிறைப் பெட்டி. "பலாத்தோப்பில் ஏறித் திருடிய குமாஸ்தா அனந்தகோடியைப் பிடித்து உள்ளே போடுங்கள். சாயங்காலம் முப்பது கசையடி."

சபை முழுக்கப் பிரதானியைத் திரும்பிப் பார்த்தது.

விஷயம் உண்மைதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பலாப்பழத் திருட்டில் மாட்டியவர் அனந்தகோடி. மன்னர் கசைக்கு முன்பே மன்னித்து, மறுவருஷம் பிரதானியாகவும் ஆக்கிவிட்டார். அரசாங்கத்தில் அது வழக்கம்தானே.

காவலர்கள் சட்டப்படி நடப்பவர்கள். பெட்டி சொன்னால் பிடிப்பார்கள். ஆளுக்கொரு தோளைப் பிடித்தார்கள்.

"டேய், என்னை மன்னித்தாயிற்றடா," என்றார் பிரதானி.

"மன்னித்தது வெளியே இருக்கும் மகாராஜா," என்றார் திருமேனி. "பெட்டிக்குள் இருக்கும் மகாராஜா இன்னும் மன்னிக்கவில்லை."

"அப்படியானால் வெளியே ஒரு வார்த்தை கேட்கச் சொல்லும், ஓய்."

"கேட்கக் கூடாது என்று உத்தரவு. எந்த மாற்றமும் அண்டாது என்று தாங்களே சொன்னீர்கள். உண்மையிலேயே அண்டவில்லை."

"திருமேனி, உமக்குப் புண்ணியமாகப் போகும். பழையபடி பொது லைப்ரரியையே வையும். மகாராஜா, பொதுவாக இருப்பதுதான் நல்லது."

மன்னருக்குச் சிரிப்பில் கிரீடம் நழுவியது. மல்லிகையிலிருந்து பேச்சு மாறியதே என்ற நிம்மதியும் அதில் இருந்தது. "வைத்துவிடும் திருமேனி. ஆனால் என் பாயசம்?"

"மடைப்பள்ளிப் பெட்டி மட்டும் பழைய அளவை உள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். பழைய பாயசம் யாரையும் சிறையில் போடாது."

"நல்லது. என்ன பரிசு வேண்டும், கேளும்."

திருமேனி பணிவாகக் கைகட்டினார். "பெரிதாக ஒன்றும் இல்லை மகாராஜா. எழுபத்து மூன்று பெட்டியையும் பிரித்துக் கட்ட வேண்டும். சிறைப் பெட்டியைக் கடைசியாகப் பிரிக்க உத்தரவு தந்தால் போதும்."

கசையடியை மட்டும் மன்னர் ரத்து செய்தார். மற்றபடி உத்தரவு தந்தார். சிறைப் பெட்டியின் முறை வர எட்டு நாள் ஆயிற்று என்று கேள்வி.

கதை இவ்வளவுதான். பிரதானி வம்சம் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. என் போனில் ஒரு டார்ச் செயலி, விளக்கைப் போடவும் அணைக்கவும், எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டி முந்நூறு மெகாபைட். செய்தது யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், இதைச் சொன்னது நான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.